ஒரே முகம், முப்பது வீடுகள்: பாத் நகரின் ராயல் கிரசென்ட்

இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கிறது பாத் நகரம். அந்த ஊரின் படம் என்று எதைத் தேடினாலும் முதலில் வந்து நிற்பது ராயல் கிரசென்ட். கீழே பரந்த புல்வெளி, மேலே பிறை வடிவில் வளைந்து செல்லும் தேன் நிறக் கட்டடம், அதன் நெடுக ஒரே அளவில் தூண்கள். நீளம் சுமார் 500 அடி. பார்த்த மாத்திரத்தில் யாரோ ஒரு ராஜா கட்டிய அரண்மனை என்றுதான் தோன்றும்.

எந்த ராஜாவும் கட்டவில்லை. பிரபு வீட்டு மாளிகையும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய 30 தனி வீடுகள் அவை. 1767-இல் வேலை தொடங்கி 1775 வாக்கில் முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு சொந்தக்காரர், உள்ளே வேறு வேறு அமைப்பு. முகம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தூண்களை எண்ணிச் சொல்லிவிட்டு, வடிவமைத்தவரின் மேதைமையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தூண்கள் 114. நானும் சொல்லிவிட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்தின் சுவாரசியம் அதன் குத்தகைப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது. முப்பது பேரின் பணத்தில், முப்பது பேரின் அவசரத்தில், ஒரே முகம் கொண்ட கட்டடத்தை எழுப்புவது எப்படி? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் ஓர் அப்பாவும் மகனும். இருவர் பெயரும் ஜான் வுட்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பாத்தில் வெந்நீர் ஊற்று உண்டு. ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே குளிக்க வந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு தொடங்கியபோது அது இரண்டு மூவாயிரம் பேர் வாழ்ந்த, மதில் சூழ்ந்த சின்ன ஊர். அப்புறம் பணக்காரர்கள் நோய்க்கு மருந்தாக அந்தத் தண்ணீரைக் குடிக்கவும், குளிக்கவும், அதைச் சாக்கிட்டுச் சூதாடவும், நடனமாடவும், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடவும் வரத் தொடங்கினார்கள். ரிச்சர்ட் நாஷ் என்பவர் இந்தக் கேளிக்கைகளுக்கெல்லாம் ஒழுங்கு வகுக்கும் தலைவராக, 1761-இல் சாகும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சினார். 1801-இல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது ஊரில் 30,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே குடியேறுபவர்கள் அல்ல. சீசனுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது வாடகைக்கு ஒரு வீடு அல்லது வீட்டில் சில அறைகள். பழைய பாத்தில் கிடைத்த அறைகள் எப்படி இருந்தன என்று அப்பா வுட் எழுதி வைத்திருக்கிறார்: தரைப் பலகையில் அழுக்கு தெரியாமல் இருக்க, புகைக்கரியை மலிவான பீரில் குழைத்துப் பூசியிருப்பார்களாம். ஊரில் தன் மாளிகையை விட்டுவிட்டு வருகிற சீமான் இப்படிப்பட்ட தரையில் எத்தனை நாள் கால் வைப்பார்? இங்கே ஒரு பெரிய வியாபாரம் காத்திருக்கிறது என்பது வுட்டுக்குப் புரிந்தது.

அவர் 1704-இல் பாத்திலேயே பிறந்தவர், கட்டடத் தொழில் செய்தவரின் மகன். லண்டனிலும் யார்க்‌ஷயரிலும் வேலை பார்த்துவிட்டு, பாத்தை ரோமாபுரி போல மாற்றிக் காட்டுகிறேன் என்று வரைபடங்களோடு ஊர் திரும்பினார். நகர நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. சரி என்று, மதிலுக்கு வெளியே நிலம் வைத்திருந்த ராபர்ட் கே என்ற லண்டன் அறுவை மருத்துவரிடம் போய் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை எடுத்தார். அப்படி 1728-இல் தொடங்கியதுதான் குவீன் ஸ்கொயர் என்ற சதுக்கம்.

வுட் செய்த காரியம் இதுதான். குத்தகைக்கு எடுத்த நிலத்தை மனை மனையாகப் பிரித்து, கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் கையில் காசு உள்ளவர்களுக்கும் உள்குத்தகைக்கு விட்டார். தெருப் பக்கச் சுவர் எப்படி இருக்க வேண்டும், எந்த உயரத்தில் சன்னல், எங்கே தூண் என்பதெல்லாம் அவர் வரைந்து கொடுத்தபடி கட்ட வேண்டும். அதற்குப் பின்னால் எத்தனை அறை, படிக்கட்டு எங்கே, சமையலறை எங்கே என்பது கட்டுகிறவர் இஷ்டம். செலவு அவருடையது. மனைக்கான ஆண்டு வாடகை வுட்டுக்கு. இதில் ஒரு பங்கு நில உரிமையாளருக்குப் போகும். மிச்சம் வுட்டின் லாபம்.

அக்கால இங்கிலாந்தில் இத்தகைய குத்தகைகளில், வீடு எழும்பும்வரை முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பேருக்கு ஒரு மிளகை மட்டும் வாடகையாக வைப்பது வழக்கம். கட்டுகிறவர் கையில் இருக்கும் பணம் முழுவதும் கல்லுக்கும் கூலிக்கும் போகட்டும் என்ற கணக்கு. கட்டுகிறவர்களும் தங்களுக்குள் வேலையைப் பண்டமாற்றுச் செய்துகொண்டார்கள். கொத்தனார் தச்சருடைய மனையில் சுவர் எழுப்பிக் கொடுப்பார், தச்சர் கொத்தனாருடைய மனையில் கதவு சன்னல் போட்டுக் கொடுப்பார். ரொக்கம் அதிகம் கைமாறாமலே தெரு எழும்பிவிடும்.

ஆக, ஒரே மாதிரி முகப்பு வேண்டும் என்பது வெறும் ரசனை சார்ந்த ஆசை அல்ல. மூன்றாம் மனையை எடுக்கிறவருக்கு நான்காம் மனையில் என்ன வரப்போகிறதோ என்ற பயம் இருக்கும். பக்கத்தில் ஒருவன் கேவலமாகக் கட்டிவிட்டால் இவர் வீட்டுக்கு நல்ல வாடகைக்காரர் வரமாட்டார். முகப்பு முன்கூட்டியே முடிவாகிப் பத்திரத்தில் ஏறிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். அதற்கும் மேல், சீசனுக்கு வந்து இரண்டு அறை எடுப்பவரும் தான் அரண்மனையில் தங்குவதாகச் சொல்லிக்கொள்ளலாம். வரிசை வீட்டுக்குப் பிரபு மாளிகையின் வேஷம் கட்டிவிட்டது இந்த ஏற்பாடு.

இந்த எண்ணம் வுட்டுக்கு மட்டும் தோன்றியதல்ல. லண்டன் கோவன்ட் கார்டனில் 1630-களிலேயே இனிகோ ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் ஒரே சீரான வரிசை வீடுகளை வடிவமைத்திருந்தார். 1720-களில் குரோவ்னர் சதுக்கத்தில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே மாளிகை போல் கட்டிவிட முயன்றார்கள். மனைக்காரர்கள் ஒத்துவராததால் அது அரைகுறையாக நின்றது. குவீன் ஸ்கொயரின் வடக்குப் பக்கத்தில்தான் அது சரியாகக் கைகூடியது: ஏழு வீடுகள், நடுவில் கோயில் முகப்பு போல ஒரு முக்கோணம், இரு ஓரங்களிலும் சற்றே முன்தள்ளிய பகுதிகள். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒற்றை மாளிகை.

அடுத்தது சர்க்கஸ். பெயரைக் கேட்டுக் கூடாரத்தை நினைக்க வேண்டாம். வட்டமான ஒரு வெளி, அதைச் சுற்றி மூன்று துண்டுகளாக வளைந்து நிற்கும் 33 வீடுகள். அப்பா வுட் பழங்காலப் பித்துப் பிடித்தவர். பெருங்கற்களை வட்டமாக நட்ட பழங்காலச் சின்னமான ஸ்டோன்ஹெஞ்சை நேரில் அளந்தவர். பிரிட்டனின் பழைய துரூயிட் பூசாரிகளுக்கு பாத் பெரிய தலமாக இருந்தது என்று நம்பியவர். சர்க்கஸின் விட்டத்தை ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்தே அவர் முடிவு செய்தார் என்கிறார்கள். மூன்று மாடிக்கும் பழைய கிரேக்க, ரோமானியப் பாணியில் மூன்று வகைத் தூண்கள்: கீழே டோரிக், நடுவில் அயோனிக், மேலே கொரிந்தியன். கீழ்த்தளத்துக்கு மேல் ஓடும் பட்டையில் பாம்பு, கருவி, சின்னம் என்று 525 சிறு செதுக்கல்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாகக் கல்லில் ஓக் மரக் காய்கள். அந்தக் காய்களுக்கும் ஒரு கதை உண்டு: தொழுநோய் பிடித்துப் பன்றி மேய்க்கப் போன பிளாடுட் என்ற இளவரசன், பன்றிகள் புரண்ட வெந்நீர்ச் சேற்றில் தானும் இறங்கிக் குணமாகி இந்த ஊரை நிறுவினானாம். ஓக் காய் அந்தப் பன்றிகளின் தீனி.

1754-இல் அடிக்கல் நாட்டிய சில மாதங்களிலேயே அப்பா வுட் இறந்துபோனார். மகன் 1768-இல் அதை முடித்தார். அங்கே 17-ஆம் எண் வீட்டில் ஓவியர் கெய்ன்ஸ்பரோ இருந்தார். 14-ஆம் எண்ணில் தங்கியவர் ராபர்ட் கிளைவ். சென்னைக் கோட்டையில் எழுத்தராக வந்து, 1751 ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கி, வங்காளத்தில் பெரும்பணம் சேர்த்த அதே கிளைவ்தான். பாத்தின் நல்ல வீடுகளுக்கு வாடகை கொடுத்த பணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணமும் இருந்தது, கரீபியத் தீவுகளில் அடிமைகளை வைத்து விளைவித்த சர்க்கரையின் பணமும் இருந்தது. தேன் நிறச் சுவரைப் பார்த்து மயங்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது ராயல் கிரசென்டுக்கு வருவோம். சர்க்கஸிலிருந்து புரோக் தெரு என்ற சிறிய தெரு மேற்கே போகிறது. அதிக அலங்காரமில்லாத அடக்கமான தெரு. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். தெரு முடிகிற மூலைவரை எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. மூலை திரும்பியதும் இடப்பக்கம் முழுவதும் வெட்டவெளி, வலப்பக்கம் பிறையாக வளைந்து போகும் தூண் வரிசை. தெரு முடிந்து திடீரென்று நாட்டுப்புறம் தொடங்கிவிட்டது போலிருக்கும்.

அதுவரை ஊர்ச் சதுக்கம் என்றால் நான்கு பக்கமும் வீடு, நடுவில் வெளி. சர்க்கஸும் அப்படித்தான், வட்டமாக இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம். மகன் வுட் அந்த வட்டத்தைப் பாதியாக வெட்டித் திறந்துவிட்டார். சரியாகச் சொன்னால் அரைவட்டம்கூட இல்லை, நீள்வட்டத்தின் பாதி. எதிர்வரிசை கிடையாது. 30 வீட்டுக்கும் ஒரே புல்வெளி, ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வெயில். இங்கிலாந்தில் வீடுகளைப் பிறையாக வளைத்துக் கட்டிய முதல் வரிசை இதுதான்.

முகப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மகனின் குணம் அப்பாவுடையதிலிருந்து எவ்வளவு வேறு என்று தெரியும். கீழ்த்தளம் வெறும் சுவர். இணைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நெருக்கமாக இழைத்து அடுக்கிய கற்கள், ஒரு கதவு, பக்கத்தில் சன்னல்கள், அவ்வளவுதான். சன்னலைச் சுற்றிச் சட்டமோ பூவேலையோ இல்லை. அதற்கு மேல்தான் தூண்கள் தொடங்குகின்றன. சுவரோடு ஒட்டிய அயோனிக் தூண்கள், முதல் மாடியையும் இரண்டாம் மாடியையும் ஒரே மூச்சில் தாண்டி மேலே போகின்றன. தூணின் தலையில் ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் சுருண்ட வேலைப்பாடு. அதற்கு மேல் கனமான ஒரு கல் பட்டை, அதன் மேல் கைப்பிடிச் சுவர். கூரை அதற்குப் பின்னால் பதுங்கியிருக்கிறது.

நடுவில் முக்கோண முகப்பு எதுவும் கிடையாது. இவ்வளவு நீளமான கட்டடத்தில் நடுவைக் காட்டிக்கொடுப்பது மிகச் சின்ன விஷயம்: நடு வீட்டில் மட்டும் தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கின்றன, அவற்றுக்கு இடையில் வில்வளைவாக ஒரு சன்னல். தேடிப் பார்த்தால்தான் தெரியும். குவீன் ஸ்கொயரில் அப்பா செய்ததுபோல் நடுவில் ஒரு முக்கோணத்தைத் தூக்கி வைத்திருந்தால் கண் அங்கேயே போய் நின்றிருக்கும். இங்கே எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிறது. வளைவு காரணமாக ஒவ்வொரு தூணிலும் வெயில் ஒவ்வொரு கோணத்தில் விழுகிறது. ஆகவே 114-உம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தும் பார்க்க அலுப்பதில்லை. அலங்காரத்தைக் குறைத்து வடிவத்தை நம்பிய துணிச்சல் இது. 525 செதுக்கல்களைவிட எனக்கு இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது.

கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் லண்டன் சட்டம் ஒன்று இருக்கிறது. 1666 பெருந்தீக்குப் பிறகு, தீ ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குத் தாவாமல் இருக்க லண்டனில் அடுக்கடுக்காகச் சட்டங்கள் வந்தன. 1707 சட்டம் கூரை விளிம்பில் மரவேலையைத் தடை செய்தது. அதனால் சுவரையே கூரைக்கு மேல் சற்று உயர்த்திக் கட்டினார்கள். அந்தச் சட்டம் பாத்தைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் தோற்றம் நாடு முழுக்க நாகரிகமாகிவிட்டது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வழியில் கட்டுவோருக்கும் அது தோதாக இருந்தது.

வீட்டின் உள்ளமைப்பு அக்கால இங்கிலாந்து நகர வீடுகளுக்கே உரிய ஒன்று. அகலம் குறைவு, ஆழமும் உயரமும் அதிகம். வாழ்க்கையே படிக்கட்டில்தான். வீட்டுக்கு முன்னால் தெருவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும், அதைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி. அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் அடித்தளத்துக்கு வெளிச்சமும் காற்றும், வேலைக்காரர்களும் சாமான்களும் போவார்கள். பள்ளத்துக்கு எதிர்ப்புறம், நடைபாதைக்கு அடியில், வளைகூரை போட்ட நிலக்கரி அறைகள். நடைபாதையில் உள்ள ஒரு துளை வழியாகக் கரியைக் கொட்டிவிட்டுப் போய்விடலாம், வண்டிக்காரன் வீட்டுக்குள் வரவே வேண்டாம். இந்தப் பள்ளத்தைத் தோண்டியதாக நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் நடந்தது வேறு: அந்த வளைகூரை அறைகளின் மேல் மண் போட்டுத் தெருவை உயர்த்திவிடுவார்கள். அதனால்தான் பல வீடுகளில் அடித்தளத்தின் பின்கதவு தோட்டத்தின் மட்டத்திலேயே திறக்கிறது.

தெரு மட்டத்தில் சாப்பாட்டு அறை. முதல் மாடியில் விருந்தினரை வரவேற்கும் கூடம். வீட்டிலேயே உயரமான கூரையும் பெரிய சன்னலும் இங்கேதான், வெளியே தூண்கள் தொடங்குவதும் இங்கேதான். அதற்கு மேல் படுக்கையறைகள், உச்சியில் பரண் போன்ற அறைகளில் வேலைக்காரர்கள். மேலே போகப்போக அறையின் உயரமும் குறையும், அதில் இருப்பவரின் அந்தஸ்தும் குறையும். கணப்படுப்புகள் பக்கச் சுவரில் இருக்கும், அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. இருவரின் புகைபோக்கிகளும் அதே சுவருக்குள் மேலேறிக் கூரைக்கு மேல் வரிசையாக எட்டிப்பார்க்கும்.

1-ஆம் எண் வீடு இன்று அருங்காட்சியகம். முதலில் கட்டப்பட்டது அதுதான், வாங்க வருவோருக்குக் காட்டும் மாதிரியாகவும் உதவியது. 1776 முதல் 1796 வரை ஹென்றி சாண்ட்ஃபோர்டு என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் அங்கே வாடகைக்கு இருந்தார். அக்கால வீடு எப்படி இயங்கியது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஓரத்து வீடு என்பதால் அதன் பக்கத்திலேயே வேலைக்காரர் பகுதிக்குத் தனியே இடம் கிடைத்திருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் வேறாகிப்போன அந்தப் பகுதியை 2013-இல் மறுபடி வீட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

பின்பக்கம் போய்ப் பார்த்தால்தான் ஒப்பந்தத்தின் மறுபாதி புரியும். ஒரு வீட்டின் பின்சுவர் முன்தள்ளி நிற்கிறது, அடுத்தது உள்வாங்கியிருக்கிறது. ஒன்றில் சன்னல்கள் ஒரு மட்டத்தில் இருந்தால் பக்கத்து வீட்டில் அரை மாடி தள்ளி இருக்கின்றன, ஏனென்றால் அங்கே படிக்கட்டு வருகிறது. கூரைகள் வேறு வேறு சரிவில். நறுக்காக இழைத்த கல் இல்லை, கரடுமுரடாக அடுக்கிய கல். சுவரில் குழாய்கள், துருத்திய சிறு அறைகள், பின்னால் வந்த சேர்ப்புகள். முன்பக்கத்தின் தூண் வரிசையை வைத்து இவற்றில் எது எந்த வீடு என்று கண்டுபிடிக்க முடியாது. ‘முன்னால் ராணி ஆன், பின்னால் மேரி ஆன்’ என்று இதற்கு ஆங்கிலேயர்கள் ஒரு கேலி வைத்திருக்கிறார்கள். மேரி ஆன் என்பது வேலைக்காரிப் பெண்ணுக்கான பொதுப்பெயர். கேலியாகச் சொன்னாலும் பின்பக்கத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. முன்சுவர் ஊருக்கு, பின்சுவர் அவரவருக்கு என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டதை எழுத்துக்கு எழுத்து கட்டியிருக்கிறார்கள்.

கல்லைச் சொல்லாமல் பாத்தைச் சொல்ல முடியாது. ஊருக்குத் தெற்கே கூம் டவுன் மலையில் வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல் அது. எந்தத் திசையிலும் ரம்பத்தால் அறுக்கலாம். வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருந்து காற்றுப் பட்டதும் இறுகும். அந்தச் சுரங்கங்களுக்குச் சொந்தக்காரர் ரால்ஃப் ஆலன், அஞ்சல் போக்குவரத்தில் பணம் சம்பாதித்தவர். 1727-இல் ஏவன் ஆற்றில் பிரிஸ்டல்வரை படகு போக வழி பிறந்ததும், மலையிலிருந்து ஆற்றங்கரைவரை மரத்தண்டவாளம் போட்டார். கல் ஏற்றிய வண்டிகள் தம் பாரத்தாலேயே சரிவில் இறங்கின, வெறும் வண்டியைக் குதிரைகள் மேலே இழுத்துவந்தன. லண்டன்காரர்கள் இந்தக் கல்லைப் பாலாடைக்கட்டி என்று நக்கலடித்தபோது, ஆலன் அப்பா வுட்டைக் கொண்டே தனக்கு ஒரு மாளிகையை இதே கல்லில் கட்டவைத்து மலைமேல் நிறுத்தினார். ஊர் முழுவதும் பார்க்கும் விளம்பரப் பலகை மாதிரி. கல்லைத் தோண்டித் தோண்டி மலை உள்ளே பொள்ளலாகிவிட்டதால், மேலே இருக்கும் வீடுகள் சரியாமல் இருக்க 2000-களின் பிற்பகுதியில் அந்தக் குகைகளை நுரை கான்கிரீட்டால் நிரப்ப வேண்டியிருந்தது. தேன் நிறமும் எப்போதும் இருந்ததல்ல. நிலக்கரிப் புகையில் இருக்கும் கந்தகம் சுண்ணாம்பைத் தின்று சுவரில் கறுப்புப் பொருக்காகப் படியும். 20-ஆம் நூற்றாண்டின் பாதிவரை பாத் கறுத்த ஊராகத்தான் இருந்தது.

முன்னால் இருக்கும் புல்வெளியிலும் ஒரு தந்திரம் உண்டு. வீட்டிலிருந்து பார்த்தால் அது தங்குதடையின்றிக் கீழே பூங்காவரை ஓடுகிறது. உண்மையில் நடுவே மறைவாக ஒரு தாழ்வான சுவரும் பள்ளமும் இருக்கின்றன. கீழிருந்து வரும் ஆடுமாடுகள் அதைத் தாண்ட முடியாது, மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வேலியே தெரியாது. கிராமத்துப் பிரபு தன் மாளிகைச் சன்னலிலிருந்து பார்க்கும் காட்சி அப்படியே நகரத்து வாடகைக்காரருக்கும் கிடைத்தது. இன்றும் மேல் புல்வெளி குடியிருப்பவர்களுக்கு மட்டுமே. கீழே உள்ள பூங்கா 1830-இல் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அப்போது 11 வயதான இளவரசி விக்டோரியா.

‘ராயல்’ என்ற அடைமொழி கட்டும்போது இல்லை. அரசரின் மகனான யார்க் கோமகன் பிரெடரிக் இங்கே தங்கிய பிறகு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே இங்கு ஒரு பரபரப்பு நடந்திருந்தது: 1772-இல் 11-ஆம் எண் வீட்டிலிருந்து எலிசபெத் லின்லி என்ற புகழ்பெற்ற பாடகி, பின்னாளில் நாடகாசிரியராகப் பெயர் வாங்கிய ஷெரிடனோடு ஓடிப்போனார். கட்டட வேலை அப்போது முடிந்துகூட இருக்கவில்லை.

இந்த வெற்றியைப் பார்த்துப் பிறைவரிசைகள் நாடெங்கும் முளைத்தன: பக்ஸ்டனில் ஒன்று, பாத்திலேயே லான்ஸ்டவுன் மேட்டில் ஒன்று, லண்டனில் ஜான் நாஷ் கட்டிய பார்க் கிரசென்ட். எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. பாத்தின் கேம்டன் கிரசென்டில் கிழக்குப் பக்கம் மண் சரிந்ததால் அந்த ஓரத்தைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். நடுவில் இருக்க வேண்டிய முக்கோண முகப்பு இன்று ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. 1793-இல் பிரான்சோடு போர் மூண்டு பாத் வங்கிகள் விழுந்தபோது, கடனில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். மகன் வுட்டே 1782-இல் கடனோடுதான் இறந்தார். உள்குத்தகை முறையில் லாபம் மட்டும் பலருக்குப் பிரிவதில்லை, சரிவும் சங்கிலியாகத்தான் வரும்.

பத்திரத்தில் எழுதிய ஒழுங்கு காலப்போக்கில் மெல்ல மெல்ல அரிக்கப்பட்டது. முதல் மாடிச் சன்னல்களை வரிசையாகப் பாருங்கள். அந்நாளில் கண்ணாடியை ஊதித் தட்டையாக்கித்தான் எடுப்பார்கள், பெரிய துண்டு கிடைக்காது. அதனால் சன்னலில் சிறுசிறு கட்டங்கள். 19-ஆம் நூற்றாண்டில் பெரிய கண்ணாடி மலிவானதும் பலர் கட்டங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். கூடவே, உட்கார்ந்தபடியே காட்சி தெரியட்டும் என்று சன்னலின் அடிமட்டத்தை வெட்டித் தாழ்த்தினார்கள். ஒருவர் தாழ்த்தினார், பக்கத்து வீட்டுக்காரர் தாழ்த்தவில்லை. மகன் வுட் கோடு போட்டு வைத்த மட்டம் குலைந்தது. 1-ஆம் எண் வீட்டைப் பழுதுபார்த்தபோது பழைய மட்டத்துக்கே உயர்த்திக் கட்டங்களையும் திரும்ப வைத்தார்கள். எல்லாரும் அப்படிச் செய்யவில்லை.

1942 ஏப்ரலில் ஜெர்மானிய விமானங்கள் பாத்தின் மேல் குண்டு வீசின. ஊரில் 400 பேருக்கு மேல் செத்தார்கள். கிரசென்டில் 2-ஆம் எண்ணும் 17-ஆம் எண்ணும் உள்ளே முழுக்க எரிந்து கூடாயின. கல்முகப்பு நின்றதால் பின்னால் புதிதாகக் கட்டிக்கொள்ள முடிந்தது. 1945-இல் பேட்ரிக் அபர்குரோம்பி குழுவினர் வகுத்த நகரத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது: முகப்பை வைத்துக்கொண்டு, உள்ளே வெட்டியெடுத்து நகராட்சி அலுவலகமாக்கிவிடலாம் என்றது. நல்லவேளையாக அது நடக்கவில்லை. ஆனாலும் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை மாற்றலாம் என்ற யோசனைக்கு இந்தக் கட்டடமே இடம் கொடுக்கிறது. அது பிறந்ததே அப்படித்தானே.

1970-களில் ஒரு கதவுச் சண்டை நடந்தது. 22-ஆம் எண் வீட்டுப் பெண்மணி தன் வாசற்கதவுக்கு மஞ்சள் பூசினார். வரிசையில் மற்ற கதவுகளெல்லாம் வெள்ளை. மாற்றிப் பூசச் சொல்லி நகராட்சி உத்தரவு போட்டது, அவர் மசியவில்லை. விசாரணை நடந்து விஷயம் அமைச்சர்வரை போய், கடைசியில் மஞ்சளே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. ஊரில் பாதிப் பேருக்கு அது ஆணவம், மீதிப் பேருக்கு வீரம். எனக்கு இரண்டு கட்சியும் சரியென்றுதான் படுகிறது: கதவு அவருடையது, வரிசை எல்லாருடையது.

இப்போது 30 வீடுகளில் பாதிக்கு மேல் அடுக்ககங்களாகப் பிரிந்துவிட்டன. நடுவில் இருக்கும் வீடு ஓட்டல். சில இன்னும் முழு வீடாகவே இருக்கின்றன. உள்ளே சுவர்களைத் தாண்டி ஒரு வீட்டின் அறை இன்னொரு வீட்டோடு சேர்ந்திருக்கும் இடங்களும் உண்டு. வெளியே நின்று கதவுகளை எண்ணினால் அது தெரியாது. பாத் நகரம் 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கிரசென்ட் இங்கிலாந்தின் பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு முகப்போடு நிற்பதில்லை. உட்சுவர், படிக்கட்டு, பின்பக்கத்து ஒழுங்கற்ற சுவர், துருத்திக்கொண்டிருக்கும் சிறு அறைகள் உட்பட எல்லாமே அதில் அடக்கம். 1770-களில் பின்னால் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்று விட்டிருந்தார்கள். அந்தச் சுதந்திரத்தில் தாறுமாறாக எழுந்த அதே பின்சுவரில் இன்று ஒரு சன்னலின் இடத்தை மாற்ற நினைத்தாலும் நகராட்சியிடம் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கியாக வேண்டும்.